அலமாரிக்கு ஒரு சூடம் காட்டு, பேராண்டி

வாடா, இந்தத் திண்ணையில இப்படி உக்காரு. உன் வூட்டுக்காரி காலையில வந்து, "தாத்தா, நீங்களாச்சும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. நாப்பது வயசாவுது, இன்னும் வீடியோ கேம் பொட்டியா வாங்கி அடுக்கிக்கினு இருக்காரு. வெதை மல்லாட்டை போட்டு வெக்கிற ரூமுல நிக்க எடமில்ல"ன்னு கண்ணக் கசக்கிட்டுப் போச்சு. சொல்றேம்மான்னு வாக்கு குடுத்துட்டேன். பெரிய மனுஷன் குடுத்த வாக்கு தவறலாமா? அதனால சொல்றேன், நல்லாக் காதுல வாங்கிக்க. நீ செய்யறது பத்தாதுடா.

ரியாத்துல இப்ராஹிம் அல்நாசர்னு ஒருத்தர் 444 கேம் பொட்டியை ஒரே டிவியில கோத்து கின்னஸ்ல பேரு வாங்கியிருக்காரு. நீ இன்னாடான்னா ஒரு சாக்குல அடங்கற சாமானை வெச்சுக்கினு 'கலெக்ஷன்'னு பேசுற. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கூட்டாளிங்களோட ராவெல்லாம் பேசுற. கெழவன் காது மந்தம்னு நெனப்பு.

சரி, எண்ணிக்கை போவட்டும். அதைவிடப் பெரிய குத்தம் ஒண்ணு செய்யற. சேத்து வெச்சதை எடுத்து ஆடுற. ஆடலாமாடா? 2021 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஒரு மாரியோ கேசட்டு 20 லட்சம் டாலருக்குப் போச்சு. நம்ம காசுல 14 கோடிக்கு மேல. 1985ல வந்த அதே மாரியோ, நீ லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு குதிக்க வெச்சியே, அவன்தான். அந்தக் கேசட்டுல அப்படி இன்னா விசேஷம்? உறையே பிரிக்கல. கடையில வாங்கினவன் யாரோ, வாங்கினதோட சரி, ஒரு தடவை கூட ஆடல. அதுக்கு முந்தின மாசந்தான் மாரியோ 64னு இன்னொண்ணு 15 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போயிருக்கு. அதுவும் பிரிக்காததுதான்.

பாத்தியா சூட்சுமத்தை. ஆட்டத்துக்குன்னு செஞ்ச சாமானுக்கு, ஆடாம வெச்சாத்தான் வெலை. அதனால நான் சொல்றபடி கேளு. தண்டராம்பட்டு ரோட்டுல ஆசாரிகிட்டச் சொல்லிக் கண்ணாடி போட்ட அலமாரி ஒண்ணு செய். எல்லாத்தையும் உள்ள வெச்சுப் பூட்டு. சாவியை உன் வூட்டுக்காரி இடுப்புல சொருவு. வெள்ளிக்கெழமை ஆனா அலமாரிக்கு ஒரு சூடம் காட்டு. உன் புள்ளை வந்து "நைனா, ஒரே ஒரு ஆட்டம்"னு கேட்டா, கைய ஒரு தட்டுத் தட்டி "தொடாத, அது முதலீடு"ன்னு சொல்லு. அந்தப் பய வளந்தப்புறம் விளையாட்டு ஞாபகமே இல்லாம ரொம்பப் பொறுப்பா வருவான்.

உன் கதி அப்படி இல்லாமப் போனதுக்கு உங்க மாமன்தான் காரணம். பர்மாவுலேருந்து வந்தவங்களுக்காக 1969ல பீச் ஸ்டேஷன் எதிருல கடை போட்டுக் குடுத்தாங்களே, பர்மா பஜார், அங்கேருந்து வாங்கியாந்தான் உன் மொதல் பொட்டியை. மார்க்கெட் கமிட்டியில ரெண்டு மூட்டை மல்லாட்டை போட்ட காசு, அப்படியே என் கோமணத்து முடிச்சுலேருந்து அவுந்து போச்சு. டெர்மினேட்டர்னு பேரு. வெளியில பாத்தா சீகா கம்பெனி மெகா டிரைவ் கணக்கா கருகருன்னு இருக்கும். உள்ள இருந்தது 1983ல ஜப்பான்காரன் விட்ட நிண்டெண்டோ ஃபேமிகாம். சட்டை ஒருத்தனுது, ஒடம்பு இன்னொருத்தனுது, வித்தவன் மூணாவது ஆளு. நாமதான் நாலாவதா வந்து ஏமாந்தவங்க.

நேர்வழியில வந்த சாமானும் இருந்துச்சுடா, இல்லேன்னு சொல்லல. ஐதராபாத்துல சாமுராய்னு ஒரு கம்பெனி, நிண்டெண்டோவோட பாகத்தைத் தனித்தனியா எறக்கி இங்கேயே கோத்து வித்துச்சு. டில்லியில மீடியாகாரங்க லிட்டில் மாஸ்டர்னு ஒண்ணு விட்டாங்க. சீகாவை 1995ல கொண்டாந்தது யாரு தெரியுமா? ஷா வாலஸ். ஆமா, சீமைச்சரக்கு வித்த அதே ஷா வாலஸ்தான். வெளிநாட்டுலேருந்து முழுசா எறக்கினா நூத்துக்கு எம்பது ரூவா வரியாம், அதுக்காக இந்த ஏற்பாடு. எந்தச் சாமானை எவன் விக்கணுமோ அவன்கிட்டத்தான் சேத்திருக்காங்கன்னு நான் அன்னிக்கே நெனச்சேன். வெலை 18,000 ரூவா. அந்தக் காசுக்குத் தீபத்து மாட்டுச் சந்தையில நல்ல ஒழவு மாடு ஒரு ஜோடி புடிச்சிருக்கலாம். அதனாலதான் நம்ம தெருப் பசங்களுக்கெல்லாம் டெர்மினேட்டரே சாமி.

அந்தப் பொட்டியோட மஞ்சக் கலருல ஒரு கேசட்டு வந்துச்சே, அது மேல எழுதியிருந்த எண்ணிக்கையை மறந்துட்டியா? 9999999 கேம்! ஒம்போதை ஏழு தடவை எழுதியிருந்தான். உன் ஆயா அதைப் பாத்துட்டு, "இத்தினியும் ஆடி முடிக்க நம்ம வம்சம் பத்தாதே"ன்னு பயந்துட்டா. ஆடிப் பாத்தா ஒரு கை வெரல்ல எண்ணிடலாம். அதே மாரியோ, ஒரு தடவை மொதல் கட்டத்துலேருந்து ஓடுவான், இன்னொரு தடவை மூணாவது கட்டத்துலேருந்து ஓடுவான், அதுக்கு வேற நம்பர். நீ அதுல நூத்திப் பத்தாவது கேமை நேத்துதான் கண்டுபுடிச்சேன்னு பள்ளிக்கூடத்துல அளந்துட்டு வந்தவன். இப்ப வந்து "அந்தக் காலம் பொற்காலம் தாத்தா"ன்னு பேசுற. பொற்காலத்துல கேசட்டு வேலை செய்யாது, நீ வாயை வெச்சு ஊதுவ, மறுபடி சொருவுவ. எச்சில் ஈரம் பட்டு அந்தச் செப்புப் பல்லு களிம்பு ஏறித்தான் போவுமாம், ஊதறதுல ஒரு பிரயோசனமும் இல்லையாம். திருப்பிச் சொருவும்போது சரியா ஒக்காந்துக்கும், அவ்ளோதான். நீ என்னமோ உன் மூச்சுக்குத்தான் மகிமைன்னு தெருவுல உள்ளவன் கேசட்டையெல்லாம் வாங்கி ஊதிக் குடுத்துட்டு இருந்த.

அந்தப் பொட்டிக்கு ரெண்டு ஜாய்ஸ்டிக். மொதலாவது உனக்கு. ரெண்டாவது எனக்கு. அதுல ஸ்டார்ட் பட்டனே கெடையாது. ஜப்பான்காரன் செஞ்ச அசலுலயும் அப்படித்தானாம். ஆட்டத்தை ஆரம்பிக்கறதும் நிறுத்தறதும் மொதலாவது ஆளு கையில. நம்ம ஊரு மலை சுத்தற பாதையில இருக்கற ஆசிரமத்துல, ஒரு மகான் 'நான் யார்'னு விசாரிச்சுப் பாருன்னு சொல்லிட்டுப் போனாரு. எங்கெங்கேயோ இருந்து வெள்ளைக்காரங்க விமானம் ஏறி வந்து இங்க கண்ண மூடி உக்காந்து அதைத்தான் தேடுறாங்க. எனக்கு அந்தக் கஷ்டமே வெக்கல, நீயும் உன் டிவியும். நான் யாரு? பிளேயர் 2.

இப்ப கோன்ட்ரா கதைக்கு வர்றேன். நீ தெருவுக்கே கேக்கறாப்ல கத்திக்கினு ஓடி வந்த, "தாத்தா, கோன்ட்ராவை முடிச்சுட்டேன்"னு. எத்தினி உசுரு வெச்சு முடிச்சடா? மொதல்ல குடுக்கறது மூணு. நீ மேல மேல கீழ கீழ, எடது வலது எடது வலதுன்னு என்னமோ மந்திரம் அமுக்கி முப்பது உசுரு வாங்கின. அந்த மந்திரத்தை உண்டாக்கினவர் கசுஹிசா ஹஷிமோட்டோ, கொனாமி கம்பெனிக்காரர். கிரேடியஸ்னு ஒரு கேமை வூட்டுப் பொட்டிக்கு மாத்திக் குடுக்கற வேலை அவருக்கு. செஞ்சவராலேயே ஆட முடியல, அவ்ளோ கஷ்டம். சரி பாக்கறதுக்காகத் தனக்குன்னு ஒரு குறுக்கு வழி போட்டுக்கிட்டாரு. எடுக்காம விட்டுட்டாரு, அது 1986ல கேசட்டோடயே வெளிய வந்துடுச்சு. அப்புறம் அந்தக் கம்பெனி மத்த கேமுலயும் போட்டாங்க.

நீ பொறந்த ஊரு எந்த ஊருடா? பிரம்மாவும் பெருமாளும், நான் பெரியவன் நீ பெரியவன்னு சண்டை போட்டப்ப சிவன் நெருப்புத் தூணா நின்ன ஊரு. அடியப் பாக்க ஒருத்தர் பன்னியா மண்ணைத் தோண்டிக்கினு போனாரு, முடியப் பாக்க ஒருத்தர் அன்னமா பறந்து போனாரு. பெருமாள் நேர்மையா, "என்னால ஆவல"ன்னு திரும்பிட்டாரு. பிரம்மா மட்டும் நடுவழியில விழுந்துக்கினு இருந்த தாழம்பூவைப் புடிச்சு, "நான் முடியப் பாத்தேன்னு சாட்சி சொல்லு"ன்னு கூட்டியாந்தாரு. கடைசிக் கட்டத்தை முடிக்காமலே முடிச்சேன்னு சொன்ன மொத ஆளு அவருதான். அதுக்கு அவருக்குக் கோயிலே இருக்கக் கூடாதுன்னு சாபம். தாழம்பூவைச் சிவன் தலையில வெக்கறதில்ல. அந்த மலை அடிவாரத்துல ஒக்காந்துக்கினு நீ முப்பது உசுருல கோன்ட்ராவை முடிச்சேன்னு சொல்ற. உனக்குத் தாழம்பூவா நின்னது எதிர்வூட்டுப் பய. "ஆமா தாத்தா, நான் பாத்தேன்"னு அவனும் சத்தியம் பண்ணான். ஹஷிமோட்டோ 2020ல செத்தப்ப ஒலகம் பூரா அந்த மந்திரத்தை எழுதி எழுதி அஞ்சலி செஞ்சாங்க. பிரம்மாவைவிட அவருக்கு ராசி நல்லா இருந்திருக்கு.

தீபத்தன்னிக்கு நீ செஞ்ச கூத்தை மட்டும் நான் சாவற வரைக்கும் சொல்லுவேன். சாயந்தரம் ஆறு மணி. மலை மேல தீபம் ஏத்தறதுக்கு முன்ன அர்த்தநாரீஸ்வரர் வெளிய வந்து ஆடிட்டு உள்ள போவாரு. ரெண்டு நிமிஷம் இருந்தா அதிகம். வருஷத்துக்கே அந்த ஒரு வாட்டிதான். ஜனம் கோபுரம் கோபுரமா, மொட்டை மாடி மாடியா கழுத்தை நீட்டிக்கினு நிக்குது. நீ வூட்டுல ஜன்னலச் சாத்திக்கினு டிவி முன்னால. உன் ஆயா, "டேய், சாமி வந்துடுச்சு வாடா"ன்னு கத்தறா. நீ உள்ளேருந்து, "இரு ஆயா, எனக்குப் பாஸ் வந்துட்டான்"ங்கற. ஊருக்கே பாஸ் வந்து நின்னாரு அன்னிக்கு. உன் பாஸை நீ கொன்னியா? அதுவும் இல்ல. தீபம் தெரியட்டும்னு தெருவுல எவனோ மெயினை எறக்கினான், உன் டிவியும் அணைஞ்சுது. அந்தப் பொட்டியில ஆடினதைப் பத்திரப்படுத்தி வெக்கற வசதி கெடையாது. மறுபடி மொதல் கட்டம். தீபம் பதினோரு நாள் எரியும், போய்ப் பாத்துக்கலாம்னு நான் சமாதானம் சொன்னேன். நீ அழுதது தீபத்துக்காகன்னு உங்க ஆயா நெனச்சு மெச்சிக்கினா. நான் வாயத் தொறக்கல.

இதையெல்லாம் சொல்லும்போது உன்னை மட்டும் சொல்றேன்னு நெனைக்காத. புளியமரத்தடியில நான் சீட்டு ஆடினதுக்கு உங்க நைனா என்னென்ன பேசினான்! சூதாடிங்கறான், குடும்பம் அழிஞ்சுதுங்கறான். நிண்டெண்டோ மொதல்ல இன்னா செஞ்ச கம்பெனி, கேட்டுப் பாரு. 1889ல கியோட்டோவுல சீட்டு அச்சடிக்க ஆரம்பிச்ச கம்பெனி. பூப்பூவா போட்ட சீட்டு, ஹனாஃபுடான்னு பேரு. வூட்டு விளையாட்டுப் பொட்டிக்கு வர்றதுக்கு முன்ன ரொம்ப வருஷம் சீட்டுதான் அவங்க பொழப்பு. அதே கம்பெனி சாமானுதானே உன் அலமாரியில? நான் ஆடினா சூது, நீ அடுக்கினா பாரம்பரியமா? உங்க நைனா உசுரோட இருந்தா இதை நான் அவங்கிட்டயே கேட்டிருப்பேன்.

மொத சம்பளத்துல பிளேஸ்டேஷன் 2 வாங்கியாந்த பாரு, அது நல்ல பொட்டி. 16 கோடிக்கு மேல வித்துச்சாம் ஒலகம் பூரா, வேற எந்தப் பொட்டியும் அதைத் தாண்டலைன்னு நீதான் சொன்ன. 2012ல பாதி நாளு கரண்டே இல்லாத காலம். சனி ஞாயிறு பெங்களூருலேருந்து நீ வந்து எறங்குவ, வந்ததும் கரண்டு போவும். அந்தத் தீப்பெட்டி அளவு மெமரி கார்டை கையில வெச்சுக்கினு, பத்திரமா இருக்குது தாத்தான்னு காட்டுவ. எது பத்திரமா இருக்குது? 8 எம்பியாம். நான் தலையாட்டுவேன்.

அந்தப் பொட்டிக்கு நம்ம நாட்டுக்காரங்களே 2009ல கேம் செஞ்சாங்க, ரெண்டும் ஐதராபாத்துலதான். ஒண்ணு அனுமார் கேம். சாமியைப் பட்டன் அமுக்கி ஆட்டறதா, பக்தன் கட்டுப்பாட்டுல சாமி வரலாமான்னு கொஞ்ச பேரு கோவிச்சுக்கிட்டாங்க. அவங்க நம்ம ஊருத் தேரைப் பாத்ததில்ல போல. பெரிய தேரு திரும்பற மொனையில சக்கரத்துக்குக் கட்டை போடறவன் தம்மாத்தூண்டு ஆளு, அவன் கையசைச்சாத்தான் அண்ணாமலையாரு நகருவாரு. இன்னொரு கேமு தேசி அட்டான்னு பேரு. அதுல கபடி, கில்லி, பட்டம். கொல்லை மேட்டுல சும்மா கெடக்கற ஆட்டத்தைக் காசு குடுத்து வாங்கிச் சோபாவுல ஒக்காந்து ஆடினியே, அன்னிக்குத்தான் நீ நெஜமாவே பட்டணத்துக்காரன் ஆயிட்டன்னு நான் ஒத்துக்கிட்டேன்.

ஒரு விஷயத்துல எனக்கு உன்மேல பொறாமை. வெள்ளைப் பொட்டிங்கல்லாம் வெயில் பட்டு மஞ்சளா போச்சுன்னு, பிளாஸ்டிக்குல தீப்புடிக்காம இருக்கக் கலந்த மருந்து அப்படிப் பண்ணுதுன்னு சொல்லி, சலூன்ல தலைமுடி வெளுக்க அடிக்கிற பெராக்சைடு மருந்தை வாங்கியாந்து பூசி, மொட்டை மாடியில காய வெச்சியே. எனக்குத் தலை வெளுக்கறதுக்குக் கால் காசு செலவில்ல. உன் தலையும் அங்கங்க வெளுக்குது, அதுக்குக் கறுப்பு மை அடிக்கிற. தலைக்குக் கறுப்பு, பொட்டிக்கு வெள்ளை. ரெண்டு டப்பாவும் ஒரே ஜன்னல்ல இருக்குது, மாத்திப் பூசிடாத.

உன் வூட்டுக்காரிக்கும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, நீயே சொல்லிடு. கோவத்துல பொட்டியெல்லாம் கொல்லையில பள்ளம் தோண்டிப் போட்டுடுவேன்னு மெரட்டுச்சு. வேணாம்மா, பிரயோசனப்படாது. அட்டாரி கம்பெனிக்காரங்க ஈ.டி.ன்னு ஒரு கேம் விட்டு, விக்காம நஷ்டமாகி, மிச்சமான சரக்கோட சேத்து 1983ல நியூ மெக்சிகோவுல குப்பை மேட்டுல கொட்டிப் பொதைச்சாங்க. 2014ல கேமரா வெச்சுக்கினு போய் தோண்டி எடுத்தாங்க. நாறிப் போன கேசட்டை ஏலம் வேற போட்டாங்க. ஆடவே லாயக்கில்லன்னு பொதைச்சதுக்கே அந்த மவுசு. நீ பொதைச்சாலும் இவன் முப்பது வருஷம் கழிச்சுக் கடப்பாரை எடுத்துக்கினு வருவான். கொல்லையில கரம்பு ஓட்டின மாதிரியாச்சும் ஆவும்னா சரி.

இப்ப காரியத்துக்கு வருவோம். துப்பாக்கிக்கு டிவி தேடிக்கினு அலையறியாமே. அந்த வாத்து சுடற துப்பாக்கி. புது டிவியில, எத்தினி இஞ்ச் பெருசா இருந்தாலும் சுட மாட்டேங்குது. ஏன்னா அந்தத் துப்பாக்கி எதையும் சுடறதே இல்ல, பாக்கத்தான் செய்யும். நீ குதிரையை அமுக்கினதும் டிவி ஒரு கணம் இருட்டாயிடும், அடுத்த கணம் வாத்து இருக்கற எடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி மூக்குல இருக்கற கண்ணு அந்த வெளிச்சத்தைப் பாத்தா வாத்து செத்துச்சு, இல்லேன்னா தப்பிச்சுது. பழைய குண்டு டிவி சொன்னதும் மின்னும். இந்தத் தட்டை டிவி யோசிச்சு யோசிச்சுக் காட்டுது, அதுக்குள்ள துப்பாக்கி கண்ண மூடிக்கிது. நம்ம பழைய டயனோரா இருந்திருந்தா வேலை ஈஸி. கதவு இழுத்து மூடற டிவி. அதை நீதான் வெளிய போடச் சொன்ன, வூட்டுக்கு அசிங்கமா இருக்குதுன்னு.

2006லேருந்து அரசாங்கம் ஒரு கோடிக்கும் மேல கலர் டிவி எலவசமாக் குடுத்துச்சே, 14 இஞ்ச், எல்லாம் குண்டு டிவி. வூட்டுக்கு வூடு இருந்துச்சு. இப்ப ஒண்ணு கெடைக்காதான்னு பழைய சாமான்காரனுங்க பின்னால நீ ஓடற. அவனுங்க உன் மூஞ்சியப் பாத்ததுமே வெலையை ஏத்திட்டானுங்க, ஆட்டோமேட்டிக்கா. சுடறது உன் துப்பாக்கி இல்ல, அவனுங்கதான். அந்தக் கதையை விடு. ஆதி அண்ணாமலையில என் பங்காளி வூட்டுப் பரண் மேல ஒண்ணு இருக்குது. துணி போட்டு மூடி வெச்சிருக்கான். ஆன் பண்ணிப் பாத்தேன், படம் வருது. பேசி முடிச்சுத் தரேன். தரகு காசு எனக்கு வேணாம்.

ஒரே ஒரு கண்டிஷன். துப்பாக்கியைச் சொருவணும்னா ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் புடுங்கிட்டு அந்த ஓட்டையிலதான் சொருவணும், ஞாபகம் இருக்குதா? அப்ப பொட்டியில மிச்சம் இருக்கறது மொதலாவது ஜாய்ஸ்டிக் மட்டும். "தாத்தா, இதுக்கு இப்ப வேலை இல்ல, நீங்க சும்மா புடிச்சுக்கங்க"ன்னு என் கையில குடுப்ப. நானும் வெத்தலைய மென்னுக்கினு சும்மா புடிச்சுக்கினு இருப்பேன். மொதல் ஆட்டத்துல ஒத்தை வாத்து வரும் பாரு, அதை அந்த ஜாய்ஸ்டிக்கால ஓட்டலாம்டா. மேல அமுக்கினா மேல போவும், சைடுல அமுக்கினா சைடுல போவும். செஞ்சவனே அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கான். தற்செயலாக் கை பட்டு எனக்குத் தெரிஞ்சுது. நீ குறி பாத்து அமுக்குவ, நான் லேசா வெரலை அசைப்பேன், வாத்து நழுவும், புல்லுக்குள்ளேருந்து நாய் எழுந்து நின்னு சிரிக்கும், நீ துப்பாக்கியை டிவி மேல வீசுவ. உனக்குக் கண்ணு சரியில்லையோன்னு உங்க ஆயா உன்னை மதுரைக்கே அழைச்சுக்கினு போய் கண்ணாஸ்பத்திரியில காட்டலாம்னு நின்னா.

டிவி நாளைக்கு வந்துடும். துப்பாக்கியை உன் புள்ளைகிட்டக் குடு. அந்த ஜாய்ஸ்டிக் எனக்கு. நீ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒக்காந்து, அவன் ஏன் ஒண்ணு கூட அடிக்க மாட்டேங்கறான்னு சத்தம் போடாமப் பாத்துக்கினு இரு. வாயத் தொறந்து அவங்கிட்டச் சொன்னியோ, பரண்ல இருக்கற டிவி பரண்லயே இருக்கும்.